ஊரும் உழவும்: நாலு ஏக்கருக்கு எத்தனை குதிரை?



நாகபுரியில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி, வருகிற சித்திரையில் ஓய்வுபெற இருக்கும் நேயர் ஒருவர் நமக்கு ஒரு நீண்ட கடிதம் வரைந்திருக்கிறார். வத்தலக்குண்டுக்கு அருகே அவர் குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் நிலம் உண்டு. அதில் இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு. எஞ்சிய ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனத்தில் மக்காச்சோளமும் காய்கறியும் விளையும் தோட்டக்கால். ஊரில் இருந்து நிலத்தைக் காத்து வருபவர் அவருடைய தம்பி. உழவு மாடுகளை விற்று ஆண்டுகள் பல ஆயின.

"சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் முதற்காரியமாகத் தம்பிக்கு ஒரு டிராக்டர் வாங்கிக் கொடுக்க எண்ணுகிறேன். ஐம்பது குதிரைசக்தி வண்டியே பிற்காலத்துக்கும் உதவும் என்று விற்பனையாளர் கூறுகிறார். சிறியது வாங்கினால் ஊரார் நகைப்பார்கள் என்று என் மகன் சொல்கிறான். தங்கள் கருத்து யாது?" என்று அவர் வினவியிருக்கிறார்.

இக்கடிதத்தைப் படித்து முடித்தபோது எனக்கு என் தமையனாரின் நினைவு வந்தது. அந்தக் கதையை இதுவரை இப்பகுதியில் நான் எழுதியதில்லை. இன்று எழுதத்தான் வேண்டும்.

கும்பகோணத்துக்குக் கிழக்கே எங்களுக்குப் பதினைந்து மா நஞ்சை இருந்தது. மூன்று மா ஓர் ஏக்கர். ஆகவே ஐந்து ஏக்கர் என்று கொள்க. அது ஒரே இடத்தில் இல்லை. நான்கு துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. 1996ஆம் ஆண்டில் நான் மும்பையில் மாதுங்காவில் குடியிருந்தேன். கையில் கொஞ்சம் சேமிப்பு சேர்ந்திருந்தது. எங்களைப் படிக்க வைப்பதற்காகத் தம் படிப்பை நிறுத்திக்கொண்டவர் அண்ணன். அவருக்கு ஏதேனும் பெரிதாகச் செய்யவேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. பாதிப் பணம் நான் போட்டேன். மீதிப் பாதிக்கு நிலப் பத்திரத்தை வங்கியில் ஈடு வைத்துக் கடன் வாங்கினோம். ஐம்பது குதிரைசக்தி வண்டி வந்தது. மாரியம்மன் கோவில் வாசலில் மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார்கள். "வண்டி மிக நன்றாக இருக்கிறது" என்று அண்ணன் எழுதினார். மூன்றாண்டுகள் ஒவ்வொரு கடிதத்திலும் அவ்வாறே எழுதினார்.

1999இல் அந்த வண்டியைப் பாதி விலைக்கும் குறைவாக விற்றோம். கடன் தவணைக்குப் பயிர் விளைச்சல் போதவில்லை. பிறருக்கு வாடகைக்கு ஓட்டினார். உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் வாடகைப் பாக்கியைக் கேட்டு வாங்க அவருக்கு நா எழவில்லை. எங்கள் நான்கு துண்டுகளில் இரண்டுக்கு வண்டிப்பாதை கிடையாது. பிறர் வயல் வழியாகத்தான் இறங்கவேண்டும். அவர்கள் நடவு முடித்துவிட்டால் வழி அடைபட்டது. சேற்றுழவில் ஒருமுறை பின்சக்கரம் அச்சு வரை புதைந்து, அதை இழுக்க இன்னொரு டிராக்டரை வாடகைக்கு அழைத்தார்கள். இவை யாவும் எனக்குத் தெரிந்தது 2004இல், ஒரு திருமணத்துக்கு ஊர் சென்றபோது. "அண்ணா, ஏன் ஒரு வரி எழுதவில்லை?" என்று கேட்டேன். "நீ ஆசையாய் அனுப்பினாய். பெரிதாய் இருக்கிறது என்று நான் எப்படி எழுதுவேன்?" என்றார்.

மும்பைக்குத் திரும்பியதும் பழைய கடிதக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். 1995இல் எழுதிய ஒரு கடிதத்தில், அடுத்த தெருக்காரர் வாங்கிய பவர் டில்லர் சிறு வயல்களில் தடையின்றித் திரும்புகிறது என்றும், தொளியில் புதைவதில்லை என்றும் அண்ணன் எழுதியிருந்தார். அவர் தமக்கு வேண்டியதை அன்றே சொல்லியிருக்கிறார். நான் அதைச் செய்தியாகப் படித்தேன், கோரிக்கையாகப் படிக்கவில்லை.

நிற்க. நாகபுரி அன்பரின் கேள்விக்கு வருவோம்.

குதிரைசக்தி என்னும் கணக்கு

ஊரில் 'ஹெச்.பி.' என்று வழங்கும் குதிரைசக்தி ஒன்று ஏறத்தாழ 746 வாட் ஆற்றலுக்குச் சமம். விற்பனையாளர் கூறும் ஐம்பது என்பது எஞ்சினில் பிறக்கும் ஆற்றல். அது முழுவதும் கலப்பைக்குப் போய்ச் சேர்வதில்லை. ரோட்டவேட்டர் போன்ற சுழல் கருவிகளை இயக்கும் பின்புறச் சுழல்தண்டுக்கு, அதாவது 'பி.டி.ஓ.'வுக்கு, பெரும்பாலும் எண்பத்தைந்து விழுக்காடு அளவே வந்து சேரும். மண்ணில் இழுக்கும் ஆற்றலோ அதனினும் குறைவு. ஈர மண்ணில் சக்கரம் வழுக்குமாயின் மேலும் குறையும்.

ஆகையால், இரு வண்டிகளை ஒப்பிடும்போது எஞ்சின் எண்ணை மட்டும் பாராமல், சுழல்தண்டின் ஆற்றல் எவ்வளவு, பளு தூக்கும் திறன் எவ்வளவு, வண்டியின் எடை எவ்வளவு என்று மூன்றையும் கேட்டல் வேண்டும். மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணைக் கருவிப் பயிற்சி, சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை அளிக்கிறது. விற்பனையாளரிடம் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். விளம்பரத் தாளைக் காட்டிலும் அது நம்பத்தக்கது.

கருவியே வண்டியைத் தேர்ந்தெடுக்கும்

நம்மவர் பலர் முதலில் வண்டியை வாங்கி, பின்னர் அதற்கேற்ற கருவியைத் தேடுகின்றனர். முறை அதற்கு மாறாக இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் அடிக்கடி நடக்கும் வேலை எது, அதற்கு வேண்டிய கருவி எது, அக்கருவியை இயக்க எத்தனை குதிரைசக்தி வேண்டும் என்று பின்னிருந்து முன்னே வரவேண்டும்.

ரோட்டவேட்டருக்கு அகலம் ஓரடிக்கு ஏழு அல்லது எட்டுக் குதிரைசக்தி என்பது ஒரு தோராயக் கணக்கு. மூன்றடிக் கருவிக்கு இருபதைச் சுற்றிய வண்டி. நான்கடிக்கு முப்பது அளவில். ஐந்தடிக்கு நாற்பது, நாற்பத்தைந்து. மண் இறுக்கமானால் இன்னும் சற்றுக் கூடும்; மணற்பாங்கானால் குறையும். அவ்வாறே ஒன்பது கொத்துக் கலப்பை முப்பத்தைந்து குதிரைசக்திக்கு மேற்பட்ட வண்டிக்கு உரியது. ஐந்து கொத்துக் கலப்பை சிறு வண்டிக்குப் போதுமானது. சட்டிக் கலப்பையும் உளிக் கலப்பையும் மண்ணின் ஆழத்தில் வேலை செய்பவை; அவற்றுக்குப் பெரிய வண்டிதான் வேண்டும். ஆனால் அவற்றின் வேலை ஆண்டுக்கு ஒருமுறை, சில நிலங்களில் மூன்றாண்டுக்கு ஒருமுறை. ஆண்டில் அரை நாள் வேலைக்காக ஆண்டு முழுவதும் பெரிய வண்டியைக் கொட்டகையில் கட்டிவைத்துத் தீனி போடுவது அறிவுடைமை ஆகாது.

மற்றொரு பக்கமும் உண்டு. பணத்தை மிச்சம் பிடிக்கச் சிறு வண்டி வாங்கி, அதன் சக்திக்கு மேற்பட்ட கருவியை மாட்டுவோரும் உளர். கருவியின் பாரத்தில் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும். வண்டி பின்னோக்கிக் கவிழ்வதும் உண்டு. அதில் அமர்ந்திருப்பவர் நம் தம்பியோ தமையனோ என்பதை மறத்தலாகாது. பெரிது வாங்கினால் பணம் போகும். அளவுக்கு மீறிச் சிறிது வாங்கினால் உயிருக்கே இடர் வரலாம்.

வழி, திருப்பம், எடை

விவசாயக் கணக்கெடுப்பின்படி 2015-16இல் இந்தியாவில் ஒரு சாகுபடியாளரின் சராசரி நிலம் 1.08 ஹெக்டேர். தமிழ்நாட்டிலோ 0.75 ஹெக்டேர், அதாவது ஒன்றேமுக்கால் ஏக்கருக்குச் சற்று மேல். அதுவும் பல இடங்களில் ஒரே துண்டாக அமைவதில்லை. பஞ்சாபில் நீண்டு கிடக்கும் கோதுமை வயலில் பெரிய வண்டி நேர்க்கோட்டில் ஓடி உழைக்கிறது. நம் ஊர் வயலில் அது திரும்புவதிலேயே பொழுதைப் போக்குகிறது.

ஒரு சிறு கணக்கு பார்க்கலாம். இருபது சென்ட் நிலம் சதுரமாக இருப்பின் ஒரு பக்கம் ஏறத்தாழ 93 அடி. கலப்பையோடு கூடிய பெரிய வண்டி திரும்புவதற்கு இரு தலைமாட்டிலும் பன்னிரண்டு அடி விட்டால், நிலத்தில் நாலில் ஒரு பங்கு திருப்பத்துக்கே ஒதுங்கிவிடுகிறது. அதைப் பின்னர் குறுக்கே தனியாக உழவேண்டும். மூலைகள் அப்போதும் மண்வெட்டிக்கே விடப்படும்.

அடுத்தது வழி. ஐம்பது குதிரைசக்தி வண்டியின் அகலம் ஆறடிக்கு அண்மையில் வரும். சிறு வண்டிகள் மூன்று, மூன்றரை அடியில் உள்ளன. உங்கள் நிலத்துக்குப் போகும் பாதையில் மிகக் குறுகிய இடம் எது? வாய்க்கால் பாலமா, தோப்பின் படலா, இரு வேலிகளுக்கு இடைப்பட்ட சந்தா? அந்த ஓரிடத்தை அடிக்கோல் கொண்டு அளந்து வரச் சொல்லுங்கள். நிலம் எத்தனை ஏக்கராயினும் வண்டியின் அகலத்தைத் தீர்மானிப்பது அந்த ஓர் இடமே.

எடையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நாற்பத்தைந்து, ஐம்பது குதிரைசக்தி வண்டி இரண்டு டன் அளவுக்கு எடை கொண்டது. பதினைந்து குதிரைசக்திச் சிறு வண்டி ஒரு டன்னுக்கும் குறைவு. ஈர மண்ணில் பாரமான சக்கரம் திரும்பத் திரும்ப உருண்டால், மேல் மண்ணுக்குக் கீழே மண் இறுகித் தட்டாகிவிடும். வேரும் நீரும் அதனூடே இறங்க மாட்டா. அந்தத் தட்டை உடைக்கப் பின்னர் உளிக் கலப்பை வேண்டியதாகிறது. பெரிய வண்டி செய்த தீங்கைத் தீர்க்க மேலும் பெரிய வண்டியை அழைக்கிறோம்.

தோப்புக்கு இது இன்னும் பொருந்தும். தென்னையை இருபத்தைந்து அடி இடைவெளியில் நடுவது வழக்கம். எனவே வரிசைகளுக்கு நடுவே பெரிய வண்டி ஓடலாம் என்பது மெய்யே. ஆனால் தென்னையின் வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி ஆறடி, ஏழடிக்குள்ளே, ஆழமின்றிப் பரவியிருக்கிறது. அங்கே ஆழ உழுவது வேரை அறுப்பதாகும். மரத்தைச் சுற்றி வளைந்து, மேலாகக் கிளறிவிட்டுப் போகும் இலேசான வண்டியே தோப்புக்கு ஏற்றது. இளங்கன்றுகளின் மட்டைகள் தாழ்ந்து நிற்கும் தோப்பில் வண்டியின் உயரமும் குறைவாக இருத்தல் நலம். மகாராஷ்டிரத்தில் வாழும் நேயர்கள் நாசிக் பக்கம் சென்றால், திராட்சைப் பந்தல்களின் வரிசைகளுக்கிடையே சிறு டிராக்டர்கள் ஓடுவதைத் தாமே காணலாம். அங்குள்ள உழவர் பணமின்றிச் சிறிதை வாங்கினார்கள் என்று எவரும் நகைப்பதில்லை.

ஆண்டுக்கு எத்தனை மணி?

இனி வருவது பலரும் பார்க்க மறந்துவிடும் கணக்கு. வேளாண்மைப் பொறியியலார் டிராக்டரின் செலவைக் கணக்கிடும்போது, அதன் ஆயுளைப் பத்து ஆண்டு என்றும், ஆண்டுக்கு ஆயிரம் மணி ஓடும் என்றும் கொள்வது வழக்கம். நம் அன்பரின் நிலத்தில் எத்தனை மணி ஓடும்?

தோப்பு இரண்டரை ஏக்கர். ஆண்டுக்கு நான்கு முறை கிளறிவிட்டால் பத்து ஏக்கர் உழவு. தோட்டக்கால் ஒன்றரை ஏக்கர். இரு போகம், போகத்துக்கு மூன்று ஓட்டம் என்றால் ஒன்பது ஏக்கர் உழவு. ஆகப் பத்தொன்பது. ஐந்தடி ரோட்டவேட்டர் மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் போனால், திருப்பமும் தாமதமும் கழித்து, மணிக்கு எண்பது சென்ட் முடியும். ஏக்கருக்கு ஒன்றேகால் மணி. மூன்றடிக் கருவி சற்று மெதுவாகப் போனால் மணிக்கு நாற்பது சென்ட். ஏக்கருக்கு இரண்டரை மணி. எனவே உழவுக்குப் பெரிய வண்டி இருபத்து நான்கு மணியும், சிறிய வண்டி நாற்பத்தெட்டு மணியும் ஓடும். எரு அடிக்கவும் தேங்காய் ஏற்றவும் நாற்பது மணி கூட்டினால் முறையே அறுபத்தைந்து, தொண்ணூறு என்று கொள்ளலாம். ஆயிரம் மணி எங்கே, இது எங்கே!

கணக்குக்காகப் பெரிய வண்டி கருவிகளோடு எட்டு லட்சம் என்றும், சிறியது நான்கு லட்சம் என்றும் வைத்துக்கொள்வோம். பத்தாண்டில் பத்தில் ஒரு பங்கு விலையே மிஞ்சும் எனில், பெரிய வண்டியின் தேய்மானம் ஆண்டுக்கு ரூ. 72,000. சராசரி முதலுக்குப் பத்து விழுக்காடு வட்டி ரூ. 44,000. காப்பீடு, கொட்டகை முதலியவற்றுக்கு ரூ. 16,000. ஆக ரூ. 1,32,000. வண்டி கொட்டகையை விட்டு நகராவிடினும் இச்செலவு நின்றபாடில்லை. சிறிய வண்டிக்கு இதில் பாதி, ரூ. 66,000.

இதனை மணிக்குப் பங்கிட்டால், பெரிய வண்டிக்கு டீசலும் ஆள் கூலியும் நீங்கலாகவே மணிக்கு ரூ. 2,000க்கு மேல் விழுகிறது. சிறியதற்கு ரூ. 730. ஏக்கர் ஒன்றை ஒருமுறை உழப் பெரியது ஏறத்தாழ ரூ. 2,500, சிறியது ரூ. 1,800. உங்கள் ஊரில் வழங்கும் மணி வாடகையை ஒன்றேகாலால் பெருக்கி இவ்விரண்டோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். வெறும் காசுக் கணக்கில் பல ஊர்களில் வாடகை வண்டியே வெல்லும். பெரிதும் தோற்கும், சிறிதும் தோற்கும். பெரிது அதிகமாகத் தோற்கும்.

பதம் காத்திருக்காது

அப்படியாயின் எவருமே வாங்கவேண்டாமோ என்று கேட்கலாம். அவ்வாறு கூற மாட்டேன். மழை பெய்தபின் நிலம் உழவுக்குப் பதமாக இருப்பது இரண்டு நாள், மூன்று நாள். அந்நாள்களில் ஊரார் எல்லோருக்கும் வண்டி வேண்டும். வாடகை வண்டிக்காரர் பத்து ஏக்கர்க்காரரிடம் முதலில் போவார். நாற்பது சென்ட்காரருக்கு "நாளை, நாளை" என்பார். பதம் போனபின் வரும் வண்டியால் கட்டி கட்டியாகப் புரட்டத்தான் முடியும். காலத்தில் விதைக்காத இழப்பு வாடகைச் சீட்டில் எழுதப்படுவதில்லை; களத்தில்தான் தெரியும்.

ஆகையால் சிறு நிலத்துக்காரர் வண்டி வாங்குவதன் பயன் மணிக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிப்பதில் இல்லை. காலத்தில் உழுவதில் இருக்கிறது. அந்தப் பயனைச் சிறு வண்டியே தந்துவிடும். அன்றாட வேலைக்குச் சொந்தத்தில் சிறியது. ஆண்டுக்கொருமுறை ஆழ உழவுக்கு வாடகையில் பெரியது. நம் பாட்டனார் காலத்திலும் இவ்வண்ணமே நடந்தது. ஓரேர் மாடு சொந்தம். கோடை உழவுக்கு நாலு வீட்டு ஏர் சேரும்.

தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் கருவிகளையும் வாடகைக்கு விடுகிறது. 'இ-வாடகை' என்னும் செயலி மூலமாக முன்பதிவு செய்துகொள்ளலாம். அதனைத் தம்பி அறிவாரா என்று கேட்டுப் பாருங்கள். அடுத்தடுத்த நிலத்துக்காரர் மூவர் சேர்ந்து ஒரு சிறு வண்டி வைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் முதல் மழைக்கு யார் நிலம் முந்தி என்பதை, வண்டி வாங்குமுன்னரே எழுதி வைத்துக்கொள்ளல் நலம்.

ஓட்டுபவர் யார்? பட்டா யார் பெயரில்?

பவர் டில்லர் விலையில் குறைந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று குதிரைசக்தியில் கிடைக்கும். நஞ்சைச் சேற்றுக்கு மிகவும் ஏற்றது. என் தமையனார் விரும்பியது அதனையே. ஆனால் அதன் பின்னே நடக்கவேண்டும். இரண்டடி அகலம் உழுதுகொண்டு போனால் ஓர் ஏக்கருக்கு ஆறரைக் கிலோமீட்டர் நடை. கைப்பிடியின் அதிர்வு தோளுக்கு ஏறும். முப்பது வயதுத் தம்பிக்குப் பொருந்துவது அறுபது வயதுத் தம்பிக்குப் பொருந்தாது. சம்பளத்துக்கு ஓட்டுநர் வைப்பதாயின் அவர் சிறு நிலத்தில் ஆண்டு முழுவதும் தங்க மாட்டார். தம்பியே ஓட்டுவாரா, அவர் மகன் ஓட்டுவானா, உரிமம் உண்டா என்பதை முதலில் அறிக. பழுது பார்க்கும் பட்டறையும் உதிரிப் பாகமும் எத்தனை கிலோமீட்டரில் என்பதும் அதனோடு சேர்ந்த கேள்வி. ஊரில் ஒருவரும் வைத்திராத புதுமாதிரி வண்டியைத் தொலைவிலிருந்து அனுப்பாதீர்கள்.

வெளியூர் வாழும் நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. வேளாண் இயந்திரமயமாக்கும் திட்டத்தின் கீழ் அரசு மானியம் அளிக்கிறது. சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் விலையில் ஐம்பது விழுக்காடு வரை, மற்றவர்க்கு நாற்பது விழுக்காடு வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு என்பது அதன் பொது விதி. அந்தந்த ஆண்டின் ஒதுக்கீட்டைப் பொறுத்தே அது கிட்டும். ஆனால் விண்ணப்பிப்பவர் பெயரில் நிலம் இருத்தல் வேண்டும். நம் குடும்பங்களில் எத்தனையோ பட்டாக்கள் காலமான தந்தையார் பெயரிலேயே இன்றும் கிடக்கின்றன! நிலத்தில் உழைக்கும் தம்பி தம் பெயரில் ஒரு சீட்டும் காட்ட இயலாமல் நிற்கிறார். டிராக்டருக்கு முன்னர் அவருக்கு நாம் செய்யவேண்டிய உதவி, விடுப்பெடுத்து ஊருக்குப் போய்ப் பட்டா மாறுதலுக்குக் கையெழுத்திடுவதாகவும் இருக்கலாம்.

நாகபுரி அன்பருக்கு

அன்பரே, தாங்கள் இந்த ஆண்டு வண்டி வாங்கவேண்டாம். தம்பிக்கு ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுங்கள். வண்டி வேண்டுமென்று சொல்லியனுப்பிய நாள், வண்டி வந்த நாள், ஓடிய மணி, கொடுத்த வாடகை, செய்த வேலை ஆகிய ஐந்தையும் ஓராண்டு அவர் எழுதி வரட்டும். வாடகை வண்டி காலத்தில் வருகிறது என்று அந்த ஏடு கூறுமாயின், தங்கள் சேமநிதி வங்கியிலேயே இருக்கட்டும். வாடகைப் பணத்தைத் தாங்கள் அனுப்பினால் போதும். வண்டி வராமையால் இருமுறை பதம் தவறியது என்று கூறுமாயின், இருபது முதல் இருபத்தைந்து குதிரைசக்திக்குள், நான்கு சக்கரமும் இழுக்கும் தோப்பு வண்டி ஒன்றும், அதற்கேற்ற மூன்றடி ரோட்டவேட்டரும், ஐந்து கொத்துக் கலப்பையும், ஒரு சிறு டிரெய்லரும் தங்கள் நான்கு ஏக்கருக்குப் போதுமானவை. ஐம்பது குதிரைசக்தி வேண்டவே வேண்டாம். எக்காரணத்தாலும் தோப்புப் பத்திரத்தை ஈடு வைக்கவேண்டாம்.

ஊரார் நகைப்பார்கள் என்று தங்கள் மகன் அஞ்சுவதை நான் குறைகூறவில்லை. வெளியூர் வாழும் நமக்கு ஊரில் ஒரு பெருமை நிற்கவேண்டும் என்ற ஆசை இயல்பே. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். எங்கள் வண்டி வந்த அன்று ஊரார் ஒருவரும் நகைக்கவில்லை, வாயாரப் புகழ்ந்தார்கள். விற்ற அன்றும் அவர்கள் நகைக்கவில்லை. தவணை கட்டியவர் அண்ணன் ஒருவர்தாம்.

இன்னொன்று. தம்பியிடம் "ஐம்பதா, நாற்பத்தைந்தா?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால், அண்ணனின் மனம் நோகாமல் இரண்டில் ஒன்றைச் சொல்வார். "எந்த வேலையில் உனக்குக் கை தாழ்கிறது?" என்று கேளுங்கள், கேட்டபின் அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். அவர் டிராக்டரைப் பற்றியே பேசாமல் போகலாம். தேங்காய் பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்பார். கிணற்று மோட்டார் பழுது என்பார். சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னர் எழுதிய கடிதங்கள் இருந்தால் அவற்றையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

ஓராண்டு கழித்து அந்தக் குறிப்பேட்டில் கண்டதை நமக்கும் எழுதுவீர்களாக. நம் நேயர் பலருக்கு அது பயன்படும்.